ரிசர்வ் வந்தால் 50 கிலோமீட்டர் நிச்சயமா?

"எந்த பைக்காக இருந்தாலும் ரிசர்வுக்கு வந்தபிறகு 50 கிலோமீட்டர் தாராளமாக ஓடும், அதற்கென்று உள்ளே தனி டேங்க் இருக்கிறது" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு, நம்பிப் போனால் ராத்திரியில் வண்டியைத் தள்ள வேண்டியிருக்கும்.

தனி டேங்க் எதுவும் கிடையாது. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டிகளில் பெட்ரோல் டேப்புக்கு மேலே, டேங்குக்குள் இரண்டு வழிகள் இருக்கும்: ஒன்று உயரமான குழாய், இன்னொன்று அடிமட்டத்தில். பெட்ரோல் உயரக் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கியதும் வண்டி திணறும், டேப்பைத் திருப்பினால் அடியில் மிச்சமிருப்பது வரும், அதுதான் ரிசர்வ். அந்தக் குழாயின் உயரமும் டேங்கின் வடிவமும் மாடலுக்கு மாடல் மாறும், அதனால் அளவும் மாறும். டேப்பை எப்போதும் ரிசர்விலேயே வைத்து ஓட்டுகிறவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது, நேராக நின்றுவிடும்!

சரி, உங்கள் வண்டி எவ்வளவு ஓடும்? ரிசர்வ் வந்ததும் பங்கில் டேங்கை நிரப்பிப் பாருங்கள். 12 லிட்டர் டேங்கில் 10.6 லிட்டர் பிடித்தால் மிச்சம் சுமார் 1.4 லிட்டர். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்றால் கணக்குக்கு 56, ஆனால் பின்னால் ஆள், மேடு, எதிர்க்காற்று என்று மைலேஜ் 28க்கு இறங்கினால் 39தான். கடைசிச் சொட்டுவரை வராது என்பதால் நான் பாதிக் கணக்கைத்தான் நம்புவேன்.

கார்புரேட்டருக்குப் பதில் பம்ப் வைத்து பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் பொதுவாக டேப்பே இருக்காது, மீட்டரில் விளக்கு எரியும் அல்லது கடைசிக் கோடு மின்னும். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பதும் பெட்ரோல்தான், அடிக்கடி வற்றவிட்டு ஓட்டாதீர்கள்.