டெஸ்க்டாப் வரவில்லையென்றால் உடனே ஃபார்மட்டா?

பாஸ்வர்ட் போட்டு உள்ளே போனதும் திரை முழுக்கக் கறுப்பு. மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது. உடனே சிங்கப்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்கோ, புளோக்குக்குக் கீழே இருக்கும் கடைக்கோ தூக்கிக்கொண்டு போகிறோம். சில இடங்களில் பார்த்த மாத்திரத்தில் "ஃபார்மட் பண்ணிடலாம்", அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடலாம் என்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அம்பு நகர்கிறதென்றால் பெரும்பாலும் விண்டோஸ் ஏறிவிட்டது. ஐகான்களையும் டாஸ்க்பாரையும் காட்டும் எக்ஸ்ப்ளோரர்தான் வரவில்லை. அதற்காகப் பிள்ளைகளின் படங்களையும் கணக்குகளையும் ஏன் அழிக்க வேண்டும்?

முதலில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் படம் காட்ட உதவும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். டிவியோ இன்னொரு மானிட்டரோ இணைத்திருந்தால் கழற்றிவிடுங்கள்.

அதன் பிறகும் கறுப்பா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ரன் நியூ டாஸ்க்' போய் 'எக்ஸ்ப்ளோரர்.இஎக்ஸ்இ' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால் எக்ஸ்ப்ளோரர் கோப்பு நன்றாக இருக்கிறது, தொடக்கத்தில் அதை யாரும் கூப்பிடவில்லை என்று பொருள். அடுத்து, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் அதைத் திறந்துகொள்ளுங்கள். ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட் வெர்ஷன், வின்லாகன் என்று இறங்குங்கள். உள்ளே போனதும் எதைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் 'ஷெல்' என்ற வரியில் எக்ஸ்ப்ளோரர்.இஎக்ஸ்இ மட்டுமே இருக்க வேண்டும். வைரஸ் தன் பெயரை இங்கே எழுதி வைக்கும்; ஆன்டிவைரஸ் அந்தக் கோப்பை அழித்துவிட்டு இந்த வரியை அப்படியே விட்டுவிடுவதுண்டு. இல்லாத கோப்பைத் தேடி விண்டோஸ் வெறுந்திரையோடு நிற்கும். ஹெச்கீ கரன்ட் யூசர் என்ற பகுதியிலும் இதே இடத்தைப் பாருங்கள், அங்கே சாதாரணமாக ஷெல் வரியே இருக்காது. எதையும் மாற்றுமுன் எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் வையுங்கள். பக்கத்தில் இருக்கும் 'யூசர்இனிட்' வரியின் கடைசியில் ஒரு கமா இருக்கும். அது பிழையல்ல, எடுத்துவிடாதீர்கள்.

எக்ஸ்ப்ளோரர் வந்து வந்து மறைந்தால் விஷயம் வேறு. லாகின் திரையில் ஷிஃப்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகப் போய் 4 அழுத்தினால், அவசியமானவற்றை மட்டும் ஏற்றித் தொடங்கும் சேஃப் மோட். போகும் வழியில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று கைப்பேசியில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் எல்லாம் சரியாக இருந்தால் பிறகு போட்ட ஏதோ ஒரு மென்பொருளோ டிரைவரோதான் காரணம். ஸ்டார்ட்அப் பட்டியலை அணைத்து ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். அங்கேயும் தகராறு என்றால் அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, முதலில் டிஸ்ம் ரிஸ்டோர்ஹெல்த் (DISM /Online /Cleanup-Image /RestoreHealth) கட்டளை, பிறகுதான் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow). பழுதான விண்டோஸ் கோப்புகளுக்குப் பதிலாக நல்ல பிரதியை வைப்பது எஸ்எஃப்சி; அது பிரதியை எடுக்கும் கிடங்கைச் சரிசெய்வது டிஸ்ம். வரிசை மாறினால் பழுதான கிடங்கிலிருந்தே எடுக்கப் பார்க்கும்.

பள்ளி வழியாக வாங்கிய மாணவர் மடிக்கணினியில் மட்டும் இதையெல்லாம் செய்யாதீர்கள். அதில் பள்ளியின் நிர்வாக மென்பொருள் இருக்கும். நேராகப் பள்ளியிலேயே கொடுத்துவிடுங்கள்.