தேவிகுளம், பீர்மேடு 1956 வரை சென்னை மாகாணத்தில் இருந்ததா?

"தமிழ்நாட்டோடு இருந்த தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் 1956-இல் பிய்த்துக் கேரளத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்று ஒரு பதிவு சுற்றிவருகிறது. அது தவறு. இரண்டுமே திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தாலுகாக்கள், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியின் தாலுகாக்கள். சென்னை மாகாணத்தில் இருந்ததே இல்லை. இல்லாததை எப்படிக் கொடுப்பது?

சரி, தமிழர் கோரிக்கையே பொய்யா? இல்லை. அப்போது தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர்தான் அதிகம், பீர்மேட்டிலும் கணிசமாக இருந்தார்கள். மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இந்தத் தாலுகாக்களையும் கேட்டுப் போராடியது. ஆனால் மாநில மறுசீரமைப்பு ஆணையம், தோட்டங்களுக்கு வேலைக்கு வந்து போகிறவர்களை வைத்து எல்லையை முடிவு செய்ய முடியாது என்ற கோணத்தில் பார்த்தது. தேயிலைக் காட்டில் தலைமுறைகளைக் கழித்தவர்களுக்கு அது நியாயமாகப்படாதது இயல்புதான். கோரிக்கை மறுக்கப்பட்டது வேறு, கையில் இருந்ததைப் பறிகொடுத்தது வேறு.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் இந்தப் பக்கம் வந்தன. சென்னை மாநிலத்திலிருந்து உண்மையாகவே கேரளத்துக்குப் போனவை மலபார் மாவட்டமும் காசர்கோடு தாலுகாவும். அவற்றைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு வரிகூட இல்லை.