குறைந்த வாடகை என்றால் அழுக்கு மெத்தையா?

மலிவான அறை எடுக்கிறவருக்குத் தான் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்பது நன்றாகவே தெரியும். நீச்சல்குளம் வேண்டாம், பெட்டியைத் தூக்கிவர ஆள் வேண்டாம், ஜன்னலுக்கு வெளியே வாகன நிறுத்தம் மட்டுமே தெரிந்தாலும் பரவாயில்லை. துவைத்த விரிப்பையும் ஒழுங்காகப் பூட்டும் கதவையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. விடுதி நடத்துகிறவர்களில் பலர் இதைத் தெரிந்தே மறந்துவிடுகிறார்கள். என் கோபம் அதன் மேல்தான்.

அண்மையில் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் ஒன்றில் அம்மாவுடன் ஓர் இரவு தங்க நேர்ந்தது. நீண்ட பயணம், இருட்டிவிட்டது, அம்மாவுக்கு முதுகுவலி வேறு. கதவைத் திறந்ததும் பழைய சிகரெட் நெடி. 'புகை பிடிக்கக் கூடாது' என்ற அறிவிப்பு அதே கதவில் ஒட்டியிருந்தது. சிகரெட் புகையின் எச்சம் திரைச்சீலையிலும் கம்பளத்திலும் சுவரிலும் படிந்து மாதக்கணக்கில் தங்கிவிடும். நறுமணத் தெளிப்பானால் அதைப் போக்க முடியாது. அங்கே அதைத்தான் தாராளமாக அடித்திருந்தார்கள். இரண்டு நெடியும் சேர்ந்து அம்மாவுக்கு இருமலைக் கிளப்பிவிட்டன.

குளியலறையில் யாருடைய தலைமுடியோ கிடந்தது. கதவின் சங்கிலி ஒற்றைத் திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எந்த விடுதியானாலும் பெட்டியைக் குளியலறைத் தரையில் வைத்துவிட்டு மெத்தையைத் தூக்கிப் பார்ப்பது என் வழக்கம். இங்கே மெத்தையின் தையல் ஓரத்தில் பேனா முனையால் குத்தியதுபோல் கரும்புள்ளிகள். மூட்டைப்பூச்சியின் எச்சம் அப்படித்தான் இருக்கும். கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னால் கைப்பேசி வெளிச்சத்தை அடித்தேன், பூச்சியே ஊர்ந்தது. வளர்ந்த மூட்டைப்பூச்சி ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் இருக்கும், கண்ணுக்கு நன்றாகத் தெரியும். உறங்குகிறவரின் மூச்சுக் காற்றையும் உடல் வெப்பத்தையும் வைத்து அது தேடி வருகிறது. இரத்தம் கிடைக்காவிட்டாலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே அறையைச் சில நாட்கள் பூட்டி வைத்தால் ஒழிந்துவிடும் என்று எவரும் நம்ப வேண்டாம். ஒரு பெட்டியின் மடிப்பில் ஏறினால் போதும், வீடு வரை வந்து குடியேறிவிடும்.

வரவேற்பறையில் இருந்தவரிடம் போய்ச் சொன்னேன். "இந்த வாடகைக்கு இப்படித்தான் இருக்கும், மேடம்" என்றார். அதட்டவில்லை, அலட்சியமும் இல்லை; பலமுறை சொல்லிப் பழகிய குரல். பிறகு மறுகோடியில் வேறு அறை கொடுத்தார். அதில் பூச்சி இல்லை. ஏசி மட்டும் விடியும்வரை கடகடத்தது. படுக்கையறையில் தொடர்ச்சியான இரைச்சல் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே பரிந்துரைத்திருக்கிறது. அந்த இயந்திரத்தின் அருகில் நாங்கள் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது. அணைத்தால் புழுக்கம். அம்மா உறங்கவே இல்லை.

'இந்த வாடகைக்கு இப்படித்தான்' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1951-ல் அமெரிக்காவில் கெம்மன்ஸ் வில்சன் என்பவர் தன் ஐந்து குழந்தைகளுடன் வாஷிங்டனுக்குக் காரில் போனார். வழியில் தங்கிய இடங்களின் தரமும், குழந்தை ஒவ்வொன்றுக்கும் கேட்ட தனிக் கட்டணமும் அவரை வெகுவாக நோகடித்தன. மறு ஆண்டே மெம்ஃபிஸ் நகரில் முதல் 'ஹாலிடே இன்' விடுதியைத் திறந்தார். நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுகிற வாடகையில் சுத்தமான அறை கொடுக்க முடியும், அதில் லாபமும் பார்க்க முடியும் என்பது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நிரூபிக்கப்பட்ட விஷயம்.

காலையில் துப்புரவுப் பணியாளரைச் சந்தித்தேன். அந்த வரிசை முழுவதும் அவர் ஒருவர் பொறுப்பு. மாற்று விரிப்புகள் போதவில்லை, அறைக்குக் கிடைப்பதோ சில நிமிடங்கள் என்றார். பூச்சியைப் பற்றி முன்பே மேலாளரிடம் சொல்லியிருக்கிறார். மருந்தடிக்க ஆள் வரவில்லை. இணையத்தில் விமர்சனம் எழுதுகிறவர்கள் 'சோம்பேறி ஊழியர்கள்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது பெரும் அநியாயமாகப் படுகிறது. மூட்டைப்பூச்சியை ஒழிக்க அறையை மூட வேண்டும், வெப்ப முறையோ மருந்தோ முறைப்படி செய்ய வேண்டும், பக்கத்து அறைகளையும் சோதிக்க வேண்டும். அத்தனைக்கும் முதலாளி பணம் எடுத்து வைக்க வேண்டும். துடைப்பம் பிடித்த பெண்ணால் அதில் எதைச் செய்ய முடியும்?

அங்கே தங்குகிறவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் இருக்கும் உறவினருக்காக வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள், வாடகை வீடு கிடைக்கும்வரை குழந்தைகளோடு வாரக்கணக்கில் இருப்பவர்கள். எங்களுக்கு ஓர் இரவில் முடிந்தது அவர்களுக்கு முடிவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் துணிகளைச் சூடான நீரில் துவைத்து, உலர்த்தும் இயந்திரத்தில் அதிக வெப்பத்தில் ஓட்டினேன். நிர்வாகத்துக்குப் படங்களுடன் எழுதினேன். அடுத்த முறை தங்கும்போது தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. தள்ளுபடி வேண்டாம், கொடுத்த வாடகையைத் திருப்பித் தாருங்கள், அந்த முதல் அறையை மருந்தடிக்கும்வரை எவருக்கும் கொடுக்காதீர்கள் என்று மறுபடி எழுதியிருக்கிறேன். உள்ளூர் சுகாதாரத் துறைக்கும் அதே படங்களை அனுப்பிவிட்டேன்.