யாருக்கு இருக்குன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?

"ஹெச்.ஐ.வி. இருக்கறவங்க வெளிப்படையா சொல்லிட்டா நாமளே ஆதரவா நிப்போமே, எதுக்கு ஒளிக்கணும்?" இப்படிக் கேட்பவர்களைக் கோத்தகிரியில் நிறையப் பார்க்கிறேன். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் இவர்கள் யாரும் எஸ்டேட் லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களின் ஒட்டு வரிசை வீட்டில் குடியிருந்தவர்கள் இல்லை. அங்கே பக்கத்து வீட்டு இருமல்கூடச் சுவரைத் தாண்டிக் கேட்கும். மாசாமாசம் லீவு கேட்டால் மேஸ்திரி காரணம் கேட்பார். அவர் விட்டாலும், மாத்திரை வாங்கக் கீழே இறங்கும் பஸ்ஸில் தெரிந்த முகம் ஒன்று "எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்காமல் விடாது. மலையில் ரகசியம் காப்பதே பெரும்பாடு.

சொல்லாமல் இருப்பது அவர்களுடைய உரிமை. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. ஒருவர் சம்மதமில்லாமல் ரத்தப் பரிசோதனை செய்யக் கூடாது. நம்பிச் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. வேலை, பள்ளி, வாடகை வீடு, ஆஸ்பத்திரி என எங்கும் பாகுபாடு கூடாது. வெறுப்பைப் பரப்பினால் 3 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட. ஊர் வாட்ஸ்அப் குழுவில் பொழுதுபோகாமல் எழுதுகிறவர்கள் கவனிக்க.

எனக்கு வயிறெரிவது வேறொரு இடத்தில். 100 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில்தான் புகார் அலுவலர் கட்டாயம். மருத்துவ நிறுவனமென்றால் 20 பேர். எங்கள் ஊரில் காட்டேஜ், பேக்கரி, சின்ன டீ ஃபேக்டரி, நாலு ஏக்கர் தோட்டம்... இவற்றில் எதில் 100 பேர் இருக்கிறார்கள்? பாகுபாடு கூடாது என்ற விதி ஐந்து பேர் கடைக்கும் பொருந்தும், சரி. ஆனால் புகார் கொடுக்க உள்ளே ஆளில்லை. இந்தச் சட்டப்படி மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) போக வேண்டும். அவர் 30 நாளில் உத்தரவிட வேண்டும், மருத்துவ அவசரமென்றால் கூடியவரை 24 மணி நேரத்தில். காகிதத்தில் அருமை. கூலி இழந்த ஒரு பெண் இந்த மலையிலிருந்து அவரை எங்கே போய்த் தேடுவார்?

வழக்கு என்று போனால் பேர் வெளியே வந்துவிடும் என்ற பயம் வேறு. நீதிமன்றத்தில் புனைபெயரில் வழக்கு நடத்தவும் மூடிய அறையில் விசாரிக்கவும் இதே சட்டத்தில் வழி இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்று மட்டும் பேரணி நடத்தி, பிள்ளைகள் கையில் அட்டை கொடுத்தால் போதாது. ஆள் கணக்கெடுக்கும் ஒவ்வொரு எஸ்டேட் மஸ்டரிலும் இந்தச் சட்டத்தைத் தமிழில் ஒட்டுங்கள். 1097 இலவச உதவி எண்ணையும், குறைதீர்ப்பாளரின் முகவரியையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.