வெளியே போய்ப் பார்ப்பதையும் எழுதுங்கள்

'இந்த வாரம் என்ன பார்க்கலாம்' என்ற உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் ஓடிடி தொடர்கள். அதைச் சொல்லத்தான் அந்தச் செயலிகளே இருக்கின்றனவே! பெங்களூரு வாசகர்களுக்கு என்று போட்டால் ஊருக்குள் நடப்பதையும் சேருங்கள் சார்.

ஜே.பி. நகர் ரங்க சங்கராவை எப்படி விட்டீர்கள்? கன்னட நடிகர், இயக்குநர் சங்கர் நாக் நினைவாக அவர் மனைவி அருந்ததி நாக் முயற்சியில் 2004-இல் வந்த அரங்கம். கன்னடம் அரைகுறையாகத் தெரிந்தாலும் நாடகம் புரியும். ஒன்று மட்டும், மணி அடித்துத் தொடங்கிவிட்டால் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். சில்க் போர்டு சந்திப்பில் டிராஃபிக் என்ற சாக்கெல்லாம் அங்கே எடுபடாது. எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருக்கிறது.

ஓவியப் பகுதியில் அரண்மனைச் சாலை மாணிக்கவேலு மாளிகையை, அதாவது தேசிய நவீன கலைக்கூடத்தைச் சொன்னது சரி. ஆனால் திங்கள்கிழமை விடுமுறை என்று போட்டிருக்கலாம். அப்புறம், கஸ்தூர்பா சாலையில் 2023-இல் திறந்த மேப் (MAP) என்ற கலை, புகைப்பட அருங்காட்சியகம். பழைய சினிமா போஸ்டர்கள்கூட அவர்கள் சேகரிப்பில் உண்டு. அதற்குப் பக்கத்திலுள்ள கப்பன் பார்க் மெட்ரோ அல்சூர்க்காரர்களுக்கு மூன்றாவது நிறுத்தம்தான்.

இசைக்கு ஒரே ஒரு வரியா? ராமநவமி சமயத்தில் சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானக் கச்சேரிகளுக்காவது தனியாக ஒரு பட்டியல் போடுங்கள்.