சின்ன அடியாம், படத்தில் தெரியாதாம்!

"சின்ன அடிதான் சார், படத்துல ஒண்ணும் தெரியாது." இந்த ஒரு பேச்சை நம்பிப் பழைய நிக்கார் (நிக்கான் கம்பெனி) 50 எம்எம் எஃப் 1.4 கேமரா லென்ஸ் ஒன்றை வாங்கினேன். இரண்டு வாரமாக வயிறு எரிகிறது.

விற்றவர் அனுப்பிய படங்களில் ஒன்றைத் தவிர எல்லாமே முன்பக்கக் கண்ணாடிதான். டார்ச் அடித்து, பூஞ்சை இல்லை, தூசி இல்லை என்று விதவிதமாக எடுத்திருந்தார். பின்பக்க மவுண்ட்டுக்கு ஒரே படம், அதுவும் கலங்கல். ஏன்யா, லென்ஸ் கேமராவில் உட்காரும் இடமே அதுதானே!

அந்த மவுண்ட்டின் உலோக வளையத்தில் கீறலே இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 1977இல் வந்த ஏஐ வகை (நிக்கானின் பழைய லென்ஸ் வரிசை ஒன்றின் பெயர்) லென்ஸ் இது. எத்தனை முறை மாட்டிக் கழற்றியிருப்பார்கள்! வட்டமாக ஓடும் மெல்லிய கோடுகள், குரோம் தேய்ந்து எட்டிப்பார்க்கும் பித்தளை மஞ்சள், இதெல்லாம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். கீழே விழுந்த அடி வேறு. உலோகம் ஓரிடத்தில் பள்ளமானால் பள்ளத்தின் விளிம்பு மேலே எழும்பி நிற்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நகத்தை மெதுவாக ஓட்டினால் தட்டும். என் லென்ஸில் தட்டியது, ஒரு திருகுக்குப் பக்கத்திலேயே. அந்தத் திருகின் தலையும் கடித்துக் குதறியதுபோல் இருந்தது. பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வைத்து யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள். அதைப் பற்றியும் மூச்சு விடவில்லை.

நிக்கான் எஃப் மவுண்ட்டில் வளையத்தின் முகத்திலிருந்து பிலிம் வரை 46.5 மில்லிமீட்டர். 1959இலிருந்து அதே அளவுதான். ஒளி புகும் துளையை எஃப் 1.4இல் முழுக்கத் திறந்து வைத்தால் அதில் தாங்கக்கூடிய பிழை முன்னும் பின்னும் ஏறக்குறைய 0.04 மில்லிமீட்டர். தலைமுடிப் பருமன்கூடக் கிடையாது! எழும்பிய விளிம்பு லென்ஸை ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்துவிட்டால் என்ன ஆகும்? எதை அளந்து பார்த்து "தெரியாது" என்றார்?

செய்தித்தாளைச் சுவரில் விரித்து ஒட்டி, ட்ரைபாடில் நேராக வைத்து எஃப் 1.4இல் எடுத்தேன். இடது ஓரத்தில் பொடி எழுத்தும் படிக்க முடிந்தது, வலது ஓரம் கரைந்து கிடந்தது. நான்தான் கோணலாக வைத்தேனோ என்று கேமராவைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி எடுத்தேன். மங்கலும் கூடவே இடதுபக்கம் போய்விட்டது. அப்புறம் வேறு லென்ஸை மாட்டினேன், நான்கு மூலையும் சுத்தம். துளையை எஃப் 8க்குச் சுருக்கினால் கோளாறு கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. அவர் காட்டிய மாதிரிப் படங்கள் எல்லாமே வெயிலில் எடுத்தவை; அந்த வெளிச்சத்தில் துளையைச் சுருக்கித்தான் எடுத்திருப்பார், இப்போதுதான் புரிகிறது.

சரி, பழுது பார்க்கலாம் என்று ஒருவரிடம் போனால், "உப்புத்தாள் போட்டு ரெண்டு நிமிஷத்துல தேய்ச்சிடலாம்" என்கிறார். லென்ஸைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன். வளையம் முழுக்கத் தேய்த்தால் நல்ல இடமும் சேர்ந்து போகும், பித்தளைத் தூள் உள்ளே இறங்கும். வளையத்தைக் கழற்றி, எழும்பிய விளிம்பை மட்டும் நயமான கல்லில் எடுக்க வேண்டும். கழற்றும்போது அடியில் மெல்லிய தகடு இருந்தால் அது இருந்தபடியே திரும்பப் போக வேண்டும். இதுகூடத் தெரியாமல் எத்தனை லென்ஸைக் கெடுத்திருப்பாரோ!

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "அடி இருக்குன்னு முன்னாடியே சொன்னேனே சார்" என்கிறார் விற்றவர். சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை.