ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்தவர்

போரில் இறந்த வீரர்களின் நினைவு நாளான நவம்பர் 11 நெருங்கினால் இங்கே கனடாவின் வினிபெக்கில் எல்லோர் சட்டையிலும் சிவப்புப் பாப்பிப் பூ ஏறிவிடும். நானும் குத்திக்கொள்வேன். காலை 11 மணிக்கு ஊரே பேச்சில்லாமல் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு ஒரே ஒருவர்தான் நினைவுக்கு வருவார். இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட கனடா வீரர், சார்ஜென்ட் டாமி பிரின்ஸ். இந்த ஊரில் பல வருஷமாக இருக்கும் நம் நண்பர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன், பெயர்கூடத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு விஷயம். பீரங்கி வைத்திருப்பவனுக்கு இலக்கு கண்ணுக்குத் தெரியாது. அவன் எங்கோ பின்னால் இருப்பான். முன்னால் ஒருவன் எதிரிக்குப் பக்கத்தில் பதுங்கிக் கிடந்து, 'டாங்கி இங்கே நிற்கிறது, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி அடி' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வயர்லெஸ்ஸில் சொன்னால் எதிரியும் ஒட்டுக்கேட்பான். அதனால் தரையோடு டெலிபோன் வயரை இழுத்துக்கொண்டு போவார்கள். ஒரு குண்டு அருகில் விழுந்தால் போதும், வயர் அறுந்துவிடும். அறுந்தால் யாராவது ஒருவர் எழுந்து போய்த்தான் ஒட்ட வேண்டும்.

1944 பிப்ரவரி 8. இத்தாலியில் அன்சியோ போர்முனை, லித்தோரியா என்ற ஊருக்குப் பக்கம். ஜெர்மானியர்களிடமிருந்து 200 மீட்டர் தூரத்தில் ஆளில்லாத ஒரு பண்ணை வீடு. சுமார் 1,400 மீட்டர் வயர் இழுத்துக்கொண்டு போய் பிரின்ஸ் அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எதிரியின் நிலைகள் ஒவ்வொன்றாக நொறுங்குகின்றன. திடீரென்று லைன் செத்துவிட்டது. குண்டுவீச்சில் வயர் எங்கோ அறுந்திருக்கிறது.

இருட்டட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அந்த வீட்டில் கிடந்த விவசாயி உடையை மாட்டிக்கொண்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் வெளியே வந்தார். எதிரி பார்த்துக்கொண்டிருக்கிறான். இவர் பாட்டுக்குக் களை எடுப்பதுபோல் மெதுவாக, வயர் போகும் வழியிலேயே நடக்கிறார். அறுந்த இடம் வந்ததும் ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்தார். இரண்டு முனையையும் சேர்த்தார். நிமிர்ந்தார். அதோடு ஓடி வந்தாரா? இல்லை. ஜெர்மன் பக்கம் பார்த்து முஷ்டியை ஆட்டினார், அப்புறம் நேசப்படை பக்கமும் திரும்பி அதேபோல் ஆட்டினார். என் நிலத்தை இப்படிப் பாழாக்குகிறீர்களே என்று எரிச்சல்பட்ட கிழவன் மாதிரி. அப்படியே வீட்டுக்குள் போய்த் திரும்பவும் போனை எடுத்தார். இதற்குத்தான் மிலிட்டரி மெடல் என்ற வீரப் பதக்கம் கொடுத்தார்கள்.

அவர் சிக்னல் படைப்பிரிவு ஆள் இல்லை. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து அமைத்த ஒரு சிறப்புப் படையின் வீரர். ஆனால் அன்று செய்தது சிக்னல்காரர் வேலை. போர்க் கதை என்றால் சுட்டவனைத்தான் நாம் கொண்டாடுகிறோம். வயர் ஒட்டியவனுக்கு ஒரு வரிதான் கிடைக்கும். அது எனக்கு ஒப்பவே இல்லை. ஒட்டாமல் விட்டிருந்தால் பின்னால் இருந்த அத்தனை பீரங்கியும் குருடுதான்.

சரி, யார் இந்த மனிதர்? 1915-ல், வினிபெக் இருக்கும் இதே மனிடோபா மாகாணத்தில் பிறந்தவர். புரோக்கன்ஹெட் ஓஜிப்வே பூர்வகுடி. 1940-ல் ராணுவத்தில் சேர்வதற்கு முன்னால் அவரைப் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இத்தாலிக்குப் பிறகு தெற்கு பிரான்ஸ் மலைகளில் வேவு பார்த்ததற்காக அமெரிக்காவின் சில்வர் ஸ்டார் பதக்கமும் வாங்கினார். 1945 பிப்ரவரியில் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஆறாம் ஜார்ஜ் மன்னரே இரண்டு பதக்கங்களையும் கையில் கொடுத்தார்.

இங்கிருந்துதான் எனக்கு வயிறு எரிகிறது. பதக்கத்தோடு ஊர் திரும்பியவருடைய மக்கள், பூர்வகுடி என்ற சட்ட உரிமையை விட்டுக்கொடுக்காமல் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. போருக்குப் போனவர்களுக்கும் அவர்கள் மனைவிமார்க்கும் மட்டும் 1944-ல் விலக்கு கொடுத்திருந்தார்கள். அதாவது உயிரைப் பணயம் வைத்தால் ஓட்டு. அண்ணன் தம்பி, அம்மா அப்பாவுக்குக் கிடையாது. பூர்வகுடிகள் தங்கள் நிலத்தைக் கேட்டு வழக்குப் போட வக்கீலுக்குப் பணம் திரட்டுவதே அன்று சட்டப்படி குற்றம்.

பிரின்ஸ் சும்மா இருக்கவில்லை. 1946-ல் மனிடோபா பூர்வகுடிச் சங்கத்தின் தலைவரானார். 1947-ல் ஒட்டாவாவுக்குப் போய், பூர்வகுடிச் சட்டத்தை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் முன்னால் உட்கார்ந்து பூர்வகுடிகளோடு போட்ட பழைய ஒப்பந்தங்களை மதிக்கச் சொல்லி வாதாடினார். 1951-ல் சட்டம் ஓரளவுக்குத் திருந்தியது, பணம் திரட்டத் தடையும் போனது. ஓட்டுரிமை எல்லோருக்கும் வர 1960 ஆனது.

நான் இந்த நாட்டுக்கு வந்தவன். குடியுரிமை கைக்கு வந்ததும் அடுத்த தேர்தலிலேயே பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையில் நின்று, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வந்தேன். மொத்தம் பத்து நிமிடம். என்னிடம் யாரும் எந்தப் போருக்குப் போனாய் என்று கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்தவர்களிடம் அதைக் கேட்டிருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பத்து நிமிடத்தை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் கொரியப் போருக்கும் போனார். 1951-ல் காப்யோங் சண்டையில் இருந்தார். முழங்கால் கெட்டுப்போய்த் திரும்பினார். அதற்குப் பிறகு கஷ்டகாலம்தான். கடைசி வருஷங்களில் வினிபெக்கில் ஏழைகள் தங்கும் ஒரு விடுதியில் இருந்தார். பதக்கங்களும் கைவிட்டுப் போயின. 1977 நவம்பரில் கண்ணை மூடினார். இறுதிச் சடங்குக்கு 500 பேருக்கு மேல் வந்தார்கள். அந்தப் பதக்கங்கள் 2001-ல் ஏலத்துக்கு வந்தபோது குடும்பத்தார் பணம் திரட்டி, 75,000 டாலருக்கு மீட்டார்கள். இப்போது மனிடோபா அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கின்றன.

இங்கே பள்ளிகளில் நினைவு நாளன்று களை எடுத்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். நல்லது, சொல்ல வேண்டிய கதைதான். ஆனால் அந்த இத்தாலி வயலோடு நிறுத்திவிடாதீர்கள் என்று ஆசிரியர்களையும் பெற்றோர்களையும் கேட்டுக்கொள்கிறேன். 1947-ல் ஒட்டாவாவில் அந்தக் குழுவின் முன்னால் அவர் கேட்டது என்ன, அதற்கு என்ன பதில் கிடைத்தது, 1960 வரை ஏன் ஆனது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் வீட்டில் இந்த வருஷம் அப்படித்தான் சொல்லப் போகிறேன்.